கெபி ஏற்றத்தில் நின்ற லொறி

எழுத உட்காருவதற்கே எனக்குக் கூச்சமாக இருக்கிறது. சாதாரண தரப் பரீட்சைக்கு மேல் நான் படிக்கவில்லை. அதையும் இரண்டாம் தடவைதான் தேறினேன். பதுளை டவுனில் ஒரு புடவைக் கடையில் முப்பது வருசமாகத் துணி விரித்து, மடித்து, மறுபடியும் விரித்துக்கொண்டிருப்பவள் நான். நாலு பேர் கூடிய இடத்தில் வாயைத் திறந்தால் காது இரண்டும் சூடாகிவிடும். என்னைப் போன்ற ஒருத்தி ஊரைப் பற்றி எழுத வந்தது பெரிய துணிச்சல்தான், பொறுத்துக்கொள்ளுங்கள். பொறுக்க முடியாதவர்கள் இதைத் தாண்டிப் போங்கள். தாண்டிப் போவது உங்களுக்குப் புதிதும் அல்ல.

போன மாதம் மலை ரோட்டில் ஒரு பஸ் பள்ளத்தில் விழுந்தது. எந்த பஸ் என்று உங்களுக்குத் தெரியும். நம் பள்ளிக்கூடத்தில் ஒன்றாகப் படித்தவர்கள் சேர்ந்து வைத்திருக்கும் போன் குழுவில் அன்று காலையிலேயே செய்தி வந்துவிட்டது. செத்தவர்கள் எத்தனை பேர் என்று அப்போது யாருக்கும் தெரியாது. கீழே இருந்து ஆட்களைத் தூக்கிக்கொண்டிருந்த நேரம். நம் குழுவில் வந்த முதல் கேள்வி இது:

"டிரைவர் எந்த ஊராம்?"

"மொனராகலைப் பக்கமாம்."

"அப்ப சரி. கரும்புத் தோட்டத்துல டிரக்டர் ஓட்டுனவனுக்கு மலை ரோடு என்னா தெரியும்?"

"ஏன், நம்மாளுக மட்டும் ஒழுங்கா? ரெண்டு கிளாஸ் ஊத்தாம நம்ம டிரைவருமாரு ஏறுவானுகளா?"

"யாழ்ப்பாணத்து டிரைவருனா கவனமா ஓட்டுவாங்க. டீசலு வீணாப் போயிரும்ல."

அதற்கு ஏழு பேர் சிரித்த முகம் போட்டார்கள். நடுவில் ஒருவர் கும்பிடும் கை போட்டார். அதைப் பார்த்து மற்றவர்களும் கும்பிடும் கை போட்டார்கள். பிறகு மறுபடியும் எந்த ஊர்க்காரன் எப்படி என்ற ஆராய்ச்சி தொடங்கிவிட்டது. மதியச் சாப்பாட்டு நேரம் வரைக்கும் நடந்தது. அதற்குள் பள்ளத்திலிருந்து எத்தனை பேரை மேலே கொண்டுவந்தார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. நான் நாலு வரி தட்டினேன், அழித்தேன். மறுபடியும் தட்டினேன், அழித்தேன். அந்த நாலு வரிதான் இப்போது இவ்வளவு நீண்டுவிட்டது.

என் வயதுக்காரர்களே, நீங்கள் மறந்திருப்பீர்கள். மறப்பது உங்களுக்கு நன்றாக வரும். நமக்குப் பத்து வயது இருந்த அந்தக் கச்சான் காற்றுக் காலத்தைச் சொல்கிறேன். நமுனுகுல மலையிலிருந்து காற்று இறங்கி லயத்து வரிசை வீடுகளின் தகரங்களை இரவு பகலாகத் தட்டிய மாதம். கொழுந்து குறைந்து, வாசம் கூடும் மாதம். தேயிலை ஃபக்டரிக்குப் பக்கத்தில் நடந்தால் தொண்டைக்குள் இனிப்பும் கசப்புமாக ஒன்று இறங்கும். உதடு வெடிக்கும். நாம் வெடித்த உதட்டில் அடுப்புக் கல்லில் சுட்ட தேங்காயின் எண்ணெயைப் பூசிக்கொண்டு பள்ளிக்கூடம் போனோம்.

அப்பா எங்கள் டிவிசனில் கங்காணி. ஐம்பது பேரை மலைக்கு அனுப்பி வேலை வாங்குகிறவர். கையில் எப்போதும் ஒரு கம்பு இருக்கும். அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. எங்கள் தோட்டத்து ரோட்டில் ஒரு நாள் துரையின் மோட்டார் சைக்கிள் கல்லில் ஏறிச் சறுக்கிவிட்டது. துரைக்கு முழங்கால் சிராய்ந்தது. மறுநாள் காலைப் பெரட்டில், வேலை பிரித்துக் கொடுக்கும் இடத்தில், ஐம்பது பேர் முன்னால் அப்பாவைத் துரை ஏசினார். இனி ரோட்டில் கல் கிடந்தால் கங்காணி பொறுப்பு என்றார். ஏற்றத்தில் நிற்கும் லொறிக்காரர்கள் சக்கரத்துக்குக் கல் வைப்பார்கள், போகும்போது எடுக்காமல் போய்விடுவார்கள். அந்தக் கற்கள்தான் அப்பாவுக்கு எதிரி. நடக்கும்போது அவர் கண் ரோட்டில்தான் இருக்கும். கல்லைக் கண்டால் கம்பால் ஒரு நெம்பு, காலால் ஓர் எத்து. கல் உருண்டு ரோட்டோரத் தண்ணீர்க் கானுக்குள் விழும். ஞாயிற்றுக்கிழமையிலும் செய்வார், பதுளை டவுனிலும் செய்வார். ஒரு தடவை மாதா சுற்றுப்பிரகாரத்தில் சுரூபத்துக்குப் பின்னால் செபமாலை சொல்லிக்கொண்டே ஒரு கல்லை எத்தியதை நான் பார்த்திருக்கிறேன்.

அப்பாவின் தங்கை, என் அத்தை, கொழுந்து எடுக்கிறவர். அவர் கல்யாணம் செய்தது தோட்டத்துக் கொழுந்து லொறியின் டிரைவரை. மாமா மட்டக்களப்புப் பக்கம். பிபிலை ரோட்டால் வந்து, இங்கே வேலைக்குச் சேர்ந்து, ஒரு வருசத்தில் அத்தையைப் பெண் கேட்டார். அவரும் நம்மைப் போலக் கத்தோலிக்க வேதக்காரர்தான். இருந்தும் அப்பா கொதித்தார். மட்டக்களப்பான் மந்திரம் போடுவான், ஆளைப் பாயோடு ஒட்ட வைத்துவிடுவான் என்று நம் லயத்தில் ஒருவர் பாக்கியில்லாமல் சொன்னார்கள். சொன்னவர்களில் ஒருவராவது மட்டக்களப்பைக் கண்டதில்லை. பாதிப் பேர் பதுளையைத் தாண்டினதில்லை.

மாமா முதல் தடவை எங்கள் லயத்துக் காம்பராவுக்கு வந்தபோது ஒரு பாய் கொண்டுவந்தார். பன்புல்லில் பின்னியது, ஓரத்தில் சிவப்பும் ஊதாவுமாகக் கட்டம். புதுப் புல்லின் வாசம் காம்பரா முழுக்க நிறைந்தது. இதைவிட மோசமான பரிசை அந்த மனிதர் இந்த உலகத்தில் தேடியிருக்க முடியாது. ஆனால் அவருக்கு அது தெரியாது. அவர் ஊரில் சொந்தக்காரர் வீட்டுக்குப் பாய் கொண்டு போவார்களாம். அம்மா வாங்கி, சிரித்து, அவர் போன கையோடு அதை விறகுக் குச்சியால் தள்ளி வெளியே கொண்டுபோய்க் கோழிக்கூட்டின் மேல் போட்டார். கோழிகள் நாலு மாதம் அதன் மேல் ஏறி இறங்கின. ஒன்றுகூட ஒட்டிக்கொள்ளவில்லை. அதைப் பார்த்தும் அம்மாவுக்கு நம்பிக்கை வரவில்லை.

இந்த மாதிரிப் பேச்சு அன்றைக்கு எல்லாப் பக்கமும் இருந்தது. தோட்டத்து ஆபிஸில் பெரிய கிளாக்கர் யாழ்ப்பாணத்தவர். நம்மைத் தோட்டக்காட்டார் என்பார், நம் முகத்துக்கு நேரேயே சொல்வார். அவர் முதுகுக்குப் பின்னால் நாம் அவர் டீயில் சீனியை எண்ணிப் போடுகிறார் என்போம். டவுன் கடை முதலாளி முஸ்லிம். அவர் முழம் போட்டால் நாம் நம் முழங்கையால் மறுபடி அளப்போம். ஒவ்வோர் ஊருக்கும் ஒரு கெட்ட பெயர் வைத்திருந்த நாம் நமக்கு மட்டும் ஒரு நல்ல பெயரை எடுத்து வைத்துக்கொண்டோம். மலையகத்துச் சனம் வெள்ளை மனசு. இதைவிடப் பெரிய பொய்யை நான் இந்த வயது வரைக்கும் கேட்டதில்லை.

அந்தோனியார் திருநாளுக்கு அந்த வருசம் கொழுந்து லொறியில் போனோம். உபதேசியார் துரையிடம் கேட்டு வாங்கியிருந்தார். சாமியார் மாதம் ஒருமுறைதான் வருவார், மற்ற நாட்களில் பூசை தவிர எல்லாவற்றுக்கும் நமக்கு உபதேசியார்தான். நாற்பது பேருக்குக் குறையாமல் ஏறினோம். லொறியின் அடியில் காய்ந்த கொழுந்து ஒட்டிக்கிடந்தது. அதன் மேல் சாக்கு விரித்து உட்கார்ந்தோம். அத்தைக்கு எட்டாம் மாதம். குலுக்கல் ஆகாது என்று மாமா அவரைக் கூட்டிவரவில்லை. வரும்போது எனக்குத் திருநாள் கடையில் ஒரு பொம்மைக் கைக்கடிகாரம் வாங்கித் தந்தார். தகரத்தில் வரைந்த முட்கள், எப்போதும் பத்து மணி பத்து நிமிசம். "மகள், இனி பள்ளிக்கூடத்துக்குச் சொணங்கிப் போகேலாது, சரியா?" என்றார். அப்பா அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தார். மாமா பேச ஆரம்பித்தால் அப்பாவின் காது தானாக மூடிக்கொள்ளும். ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால் பக்கத்தில் நிற்கிறவரிடம் "அந்தாள்ட்ட சொல்லுங்க" என்பார்.

திரும்பி வரும் வழியில், எங்கள் தோட்டத்து எல்லையில், செங்குத்தான ஏற்றத்தில், கல்லால் குகை மாதிரிக் கட்டிய ஒரு மாதா கெபி இருக்கிறது. திருநாளுக்குப் போய் வருகிறவர்கள் அங்கே இறங்கி ஒரு மெழுகுதிரி கொளுத்தி, மாதாவுக்கு ஓர் 'அருள் நிறைந்த' மந்திரம் சொல்லிவிட்டுப் போவது வழக்கம். வெயில் சாயத் தொடங்கியிருந்தது. உபதேசியார் லொறியின் தலையில் தட்டினார்.

மாமா தலையை வெளியே நீட்டினார். "உவதேசியார், இந்த ஏத்தத்துல நிப்பாட்டேலாது. ஹேன்ட்பிரேக் சரியாப் புடிக்கிதில்ல. மேல சமதரையில நிப்பாட்டுறன், நடந்து வந்து கும்பிடுங்க."

"போன வருசம் நின்னுச்சு, இந்த வருசம் நிக்காதா? மாதா வாசல்ல நிக்காத லொறி எங்க போய் நிக்கப் போவுது?"

"போன வருசம் வந்தது வேற லொறி. பிரேக்கும் வேற பிரேக்."

"ஒங்க ஊருல மாதாவக் கண்டா ஓடிப் போவாங்களோ?"

லொறி முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். மாமா நிறுத்திவிட்டார். நாற்பது பேர் சிரிக்கும்போது நிறுத்தாமல் போக அவருக்கு முடியவில்லை. அந்த ஒரு பலவீனத்தை அவர் மேல் வேண்டுமானால் சொல்லலாம்.

பேட்டரி செத்திருந்தது. இஞ்சினை நிறுத்தினால் மறுபடி தள்ளித்தான் கிளப்ப வேண்டும், அந்த ஏற்றத்தில் தள்ள முடியாது. அதனால் இஞ்சினை ஓடவிட்டு, ஹேன்ட்பிரேக்கை இழுத்துவிட்டு இறங்கினார். ஒரு பெரிய கல்லைத் தூக்கிவந்து பின் சக்கரத்துக்கு அடை கொடுத்தார். எழுந்து, கையைச் சாரத்தில் துடைத்துக்கொண்டு, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். "கல்ல ஒருத்தரும் தொடாதீங்க. நான் ஏறிச் சொன்ன புறகு எடுங்க." பிறகு ரேடியேட்டருக்குத் தண்ணீர் பிடிக்க டின்னோடு ரோட்டோரப் பீலிக்குப் போனார்.

எனக்குப் புதுச் செருப்பு கடித்தது. நான் கெபிக்குப் பக்கத்து மேட்டில் உட்கார்ந்துகொண்டேன். அங்கிருந்து லொறியின் இரண்டு முனையும் தெரியும். மந்திரம் முடிந்தது. ஆட்கள் பின்பக்கமாக ஏற ஆரம்பித்தார்கள். வயதானவர்களை முதலில் ஏற்றினார்கள். அப்பா சக்கரத்துக்குப் பக்கத்தில் வந்தார். அவர் கண் வழக்கம்போலத் தரையில் இருந்தது. கல்லைப் பார்த்தார். இஞ்சின் ஓடும் சத்தம் கேட்டது. இஞ்சின் ஓடினால் டிரைவர் உள்ளே இருக்கிறார் என்று நினைத்திருப்பார். முன்பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. கொஞ்சம் முன்னால் அந்த மனிதர் உரக்கச் சொன்னது அவர் காதில் ஏறவே இல்லை. கம்பால் ஒரு நெம்பு, காலால் ஓர் எத்து. கல் கானுக்குள் போனது.

லொறி உடனே நகரவில்லை. ஹேன்ட்பிரேக் கொஞ்சம் பிடித்திருந்தது. இன்னும் மூன்று பேர் ஏறினார்கள். பிறகு அது மெதுவாக, யாரோ பின்னால் கூப்பிட்ட மாதிரி இறங்க ஆரம்பித்தது. மாமா டின்னைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். கதவைப் பிடித்துத் தொங்கினார். ஒரு கால் உள்ளே போனது, மற்றக் கால் வெளியே இழுபட்டது. ஸ்டியரிங்கை மேட்டுப் பக்கம் திருப்பப் பார்த்தார். கீழ் வளைவில் லொறி கல்வேர்ட்டுப் பாலத்தைத் தாண்டித் தேயிலைக்குள் விழுந்து இரண்டு தடவை புரண்டது. பின்னால் இருந்தவர்களில் பலர் அதற்குள் குதித்துவிட்டார்கள். குதிக்க முடியாத மூன்று பேர் போனார்கள். ஒரு கிழவர், இரண்டு வயதான பெண்கள். நாலாவது ஆள் மாமா.

கீழே எல்லாரும் ஓடினார்கள். அப்பா ஓடவில்லை. அவர் கானைப் பார்த்தார். கையில் இருந்த கம்பைப் பார்த்தார். பிறகு மேட்டைப் பார்த்தார், நான் இருந்தேன். அதற்குப் பிறகுதான் ஓடினார். என் கைக்கடிகாரம் எப்போது கழன்று விழுந்தது என்று எனக்குத் தெரியாது.

அன்று மாலை அடுப்படியில் அம்மாவிடம், "அம்மா, அப்பா அந்தக் கல்ல..." என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். அம்மாவின் உள்ளங்கை என் வாயில் வந்து விழுந்தது. கொழுந்துக் கறை ஏறிக் கறுத்த கை. எடுக்கவே இல்லை. "செத்தவங்க செத்துட்டாங்க. இருக்கிற அப்பனையும் ஜெயிலுக்கு அனுப்பப் பாக்குறியா? சொல்லு, அனுப்பப் பாக்குறியா?" நான் இல்லையென்று தலையை ஆட்டினேன். அம்மாவை நான் குறை சொல்ல மாட்டேன் என்று பலர் எழுதுவார்கள். நான் குறை சொல்கிறேன். அவர் அத்தையோடு ஒரே பெட்டியில் சோறு கட்டிக்கொண்டு மலைக்குப் போனவர்.

பிரேதங்களைத் தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில் வரிசையாக வைத்தார்கள். பகலில் தாய்மார் குழந்தைகளை விட்டுப் போகும் இடம். சுவரில் வாத்துப் படம். மாமாவை மட்டும் தனியாக, ஓரமாக, கதவுப் பக்கத்தில் வைத்தார்கள். வாசலில் ஆண்கள் கூடினார்கள். அத்தை உள்ளே சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வாசலில் பேசியது ஒவ்வொன்றும் உள்ளே கேட்டது. நான் கேட்டேன், அதனால் அவரும் கேட்டிருப்பார்.

பெரிய கிளாக்கர் முதலில் தொடங்கினார். "நான் அப்பவே சொன்னனான். கொழுந்து லொறியில சனத்தை ஏத்தாதேங்கோ எண்டு. உங்கட ஆக்களுக்குச் சொன்னால் தலையை ஆட்டுவினம், பிறகு தங்கட பாட்டுக்குச் செய்வினம்."

உபதேசியார் பெருமூச்சு விட்டார். "நாங்க வெள்ளை மனசுங்க ஐயா. யாரையும் நம்பிருவோம். அதான் மட்டக்களப்பான் கையில லொறியக் குடுத்தோம்."

"குடிச்சிருந்தான்," என்றார் ஒருவர். "எனக்கு வாசம் வந்துச்சு."

"அவன் குடிக்க மாட்டானே."

"குடிக்காதவன நம்பலாமா? குடிக்காம இருக்கிறதே மந்திரத்துக்குத்தான்."

வெள்ளைத் துணி கொண்டுவந்த கடை முதலாளி சொன்னார். "மந்திரமெல்லாம் இல்லீங்க. அவரு பழகின ரோடு அப்படி. அந்தப் பக்கம் ஒரு ஏத்தம் இருக்கா? பாலம்தான் இருக்கு. சமதரையில ஓட்டினவங்களுக்கு மலை சரிவராது."

"அதுவும் இல்லை," என்றார் கிளாக்கர். "அந்தப் பக்கத்து ஆக்கள் சரியான பஞ்சி பிடிச்சதுகள். வாவியில மீன், வயலில நெல்லு. ஒண்டுக்கும் அவசரமில்லை. ஒரு கல்லை எடுத்து வைக்கவும் பஞ்சி."

"ஐயா சொல்லுறது சரிதான்," என்று ஒரு பொடியன் இழுத்தான். "ஐயா ஊருல எண்ணித்தான் எல்லாம் செய்வாங்க. சீனி உட்பட."

சிரித்தார்கள். நாலு பிரேதம் உள்ளே கிடக்க, வாசலில் சிரித்தார்கள். கிளாக்கரும் கொஞ்சம் சிரித்தார், அவருக்கும் நேரம் போக வேண்டும்.

இப்போது கவனியுங்கள். கல் வைக்கப் பஞ்சி, சோம்பல் என்று கிளாக்கர் சொன்னார். அவர் அந்த இடத்திலேயே இல்லை. ஆனால் இருந்தவர்கள் ஒருவரும் "கல் வைத்தாரே" என்று சொல்லவில்லை. மாமா கல் வைத்ததை முப்பது பேர் பார்த்தார்கள். தொடாதீர்கள் என்று அவர் சொன்னதை முப்பது பேர் கேட்டார்கள். மட்டக்களப்பான் கல் வைப்பானா என்று ஒருவர் கேட்டதும் அத்தனை பேருக்கும் வைக்கவில்லை என்றே ஞாபகம் வந்துவிட்டது. பொய் சொல்கிறோம் என்று அவர்களுக்குத் தெரியவே இல்லை. அந்த வாசலில் தெரிந்து மறைத்தவர் அப்பா ஒருவர்தான். அவரும் அன்று வாய் திறக்கவில்லை, கைகட்டி நின்றார். அதைப் பார்த்து, "கங்காணி பெருந்தன்மை, பாருங்க. சொந்த மச்சான் இப்படிச் செஞ்சும் ஒரு வார்த்தை பேசல," என்றார்கள்.

மறுநாள் பொலிஸ் வந்தது. மரண விசாரணைக்காரர் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து எழுதினார். உபதேசியார் தான் நிறுத்தச் சொன்னதைச் சொல்லவில்லை, டிரைவர் நிறுத்தினார் என்றார். கல் வைத்த மாதிரித் தெரியவில்லை என்றார்கள் இரண்டு பேர். டிரைவரின் கவனக்குறைவு என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்கள். டீயும் பணிஸும் கொடுத்தோம்.

செவ்வாய்க்கிழமை மாமாவின் அண்ணன் ஒரு வேனில் வந்தார். இரவெல்லாம் பிரயாணம் செய்த முகம். கூட அவர்கள் ஊர்ச் சாமியார் எழுதிய கடிதமும் கொண்டுவந்திருந்தார், தம்பி ஞானஸ்நானம் பெற்றவர் என்று. யாரோ முன்கூட்டியே சொல்லி அனுப்பியிருக்க வேண்டும், இங்கே கேட்பார்கள் என்று. உபதேசியார் அதைத்தான் கேட்டார். கடிதத்தைப் பார்த்த பிறகு வேறொன்றைக் கண்டுபிடித்தார். செத்த மூன்று பேரின் வீட்டாரும், அவரை நம் சேமக்காலையில் அவர்களுக்குப் பக்கத்தில் புதைக்கக் கூடாது என்கிறார்கள் என்றார். வீட்டார் தலையை ஆட்டினார்கள்.

அண்ணன் சண்டை பிடிக்கவில்லை. அப்பாவைப் பார்த்துப் பேசினார். "கங்காணியார், அவன்ட பொண்டாட்டி இஞ்ச இரிக்கா. புள்ளயும் இஞ்சதான் பொறக்கும். அவன இஞ்ச வெச்சா அந்தப் புள்ள ஒரு மெழுகுதிரி கொளுத்தவாவது ஏலும். மூலையில ஒரு இடம் தந்தாப் போதும். ஒங்கட வார்த்தைக்குத்தான் எல்லாரும் நிக்கிறாங்க."

அது உண்மை. அப்பா ஒரு வார்த்தை சொன்னால் போதும். முழு உண்மையைக்கூடச் சொல்ல வேண்டாம். கல் வைத்தார் என்ற பாதி உண்மை போதும், அந்தக் குழி கிடைத்திருக்கும். அப்பா இருமினார்.

அப்போது அத்தை வெளியே வந்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, நிலையைப் பிடித்துக்கொண்டு. கலியாணத்துக்குப் பிறகு அப்பாவும் அவரும் நேராகப் பேசி நான் பார்த்ததில்லை.

"அண்ணே," என்றார். "நீ சக்கரத்துக்கிட்டதான் நின்னியாம். ஒன்னே ஒன்னு சொல்லு. அவரு கல்லு வெச்சாரா, வெக்கலயா?"

காற்று மடுவத்துத் தகரத்தைத் தட்டியது. எல்லாரும் அப்பாவைப் பார்த்தார்கள். அப்பா என்னைப் பார்த்தார், ஒரு நொடி. நான் அம்மாவின் பின்னால் நின்றேன். அம்மாவின் கை என் தோளில் இருந்தது. அழுத்தவில்லை, சும்மா இருந்தது. அப்படியிருந்தும் நான் வாயைத் திறக்கவில்லை. பத்து வயதுப் பிள்ளையைக் கோழை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். கூச்ச சுபாவம் என்பார்கள். கூச்ச சுபாவம் என்று இன்றுவரை என்னைச் சொல்கிறார்கள்.

"நா பாக்கல," என்றார் அப்பா. "கல்லு இருந்த மாதிரி தெரியல."

அத்தை அவர் முகத்தைப் பார்த்தார், பிறகு அவர் கையிலிருந்த கம்பைப் பார்த்தார். அழவில்லை. அப்போதுதான் அவருக்குத் தெரிந்துவிட்டது என்று நான் நினைக்கிறேன். கல்லைக் கண்டால் அண்ணன் என்ன செய்வார் என்று கூடப் பிறந்தவருக்குத் தெரியாதா? மாமாவின் அண்ணன் பக்கம் திரும்பினார்.

"அவர ஏத்துங்க. என்னையும் ஏத்திக்கிட்டுப் போங்க."

"புள்ள, ஒனக்கு எட்டாம் மாசம். ரோடு சரியில்ல கா."

"பரவால்ல."

இரண்டு சேலையும் ஒரு டம்ளரும் மட்டும் எடுத்துக்கொண்டார். வேனுக்குள் பெட்டியை நீளவாக்கில் வைத்து, பக்கத்துச் சீட்டில் அவரை உட்கார வைத்தார்கள். ஒரு பெண், "பாத்தியா, இப்பவே வசியம் பண்ணிட்டானுக," என்றாள். இன்னொருத்தி சிலுவை போட்டாள். வேன் கெபி ஏற்றத்தில் கீழ்ப்பக்கமாக இறங்கிப் போனது. மற்ற மூன்று பேரையும் நாலு மணிக்கு அடக்கம் செய்தோம். உபதேசியார் மன்னிப்பைப் பற்றி நன்றாகப் பேசினார். அப்பா மண் போட்டார்.

அத்தையை நான் பிறகு கண்டதில்லை. பல வருசம் கழித்துக் கடைக்குத் துணி வாங்க வந்த ஒரு மட்டக்களப்பு அம்மாவிடம் ஊரையும் பெயரையும் சொல்லி விசாரித்தேன். தெரியாது என்றார். அப்பா போய்ச் சேர்ந்து ஆறு வருசம். வெள்ளை மனசுக்காரர் என்று அவர் அடக்கத்திலும் பேசினார்கள். நான் சாம்பிராணிப் புகைக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

வேன் போன அன்று சாயங்காலம் அப்பா முகம் கழுவி, டீ கேட்டு வாங்கிக் குடித்து, சீக்கிரம் படுத்துவிட்டார்.

மறுநாள் புதன்கிழமை. காலையில் பெரட்டு நடந்தது. அத்தையின் காம்பராவை வேறு குடும்பத்துக்குக் கொடுத்தார்கள். மதியத்துக்குள் அவர்கள் சட்டிபானையோடு வந்துவிட்டார்கள். அப்பா வேலைக்குப் போய் நாலரைக்குத் திரும்பி வந்தார்.